ஆளிவிதை ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுமா, குறைக்குமா?

சிம்பாங் பூலாய் பக்கமிருந்து மலையேறி வருகிறவர்களுக்குக் கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் கம்போங் ராஜா. ஒரு பக்கம் ப்ளூ வேலி தேயிலைத் தோட்டம், மறுபக்கம் சரிவு சரிவாக முட்டைக்கோஸ், தக்காளி. இந்த மண்ணில் விளையாத ஒரு விதை சில காலமாக இங்குள்ள மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் இடம்பிடித்திருக்கிறது. எள்ளைவிடச் சற்றுப் பெரிய, பளபளப்பான, பழுப்பு நிற ஆளிவிதை. கனடா, ரஷ்யா, கசகஸ்தான் போன்ற குளிர்நாடுகளில் பெருமளவு விளைகிறது. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்துப் பக்கம் அல்சி என்ற பெயரில் வெகுகாலமாக உண்டு. லயத்துச் சமையலறைக்குத்தான் புதிது.

விதையோடு கூடவே வாட்சாப் செய்திகளும் வந்து சேர்ந்தன. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அக்கா, எனக்கு மாசாமாசம் தவறித் தவறித்தான் வருது. ஆளிவிதை சாப்பிட்டா பொம்பளைங்க ஹார்மோன் கூடுமாம், வாட்சாப்புல வந்துச்சு."

"எனக்கு வந்ததுல அந்த ஹார்மோனைக் குறைக்கும்னுல்ல போட்டிருந்துச்சு! குறைஞ்சா மாருல கட்டி வராதாம்."

ஒரே விதை, ஒரே ஹார்மோன், எதிரெதிரான இரண்டு வாக்குறுதி. இரண்டில் ஒன்று புளுகாக இருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். இரண்டுமே முழுப் புளுகு இல்லை. இரண்டுமே முழு உண்மையும் இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய சில சிறுநீர்ப் பரிசோதனைகளுக்குப் போக வேண்டும்.

1970களின் கடைசியில் கென்னத் செட்செல் என்ற பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளரும், பின்லாந்தின் ஹெர்மன் ஆட்லர்கிராய்ட்ஸும், அவர்களோடு இருந்தவர்களும் பெண்களின் சிறுநீரிலும் வெர்வெட் குரங்குகளின் சிறுநீரிலும் ஸ்டீராய்டு ஹார்மோன்களை அளந்துகொண்டிருந்தார்கள். கருவி வரைந்து தந்த கோட்டில், தெரிந்த ஹார்மோன் எதற்கும் பொருந்தாத இரண்டு முகடுகள் எழுந்தன. அதோடு விட்டிருந்தால் ஏதோ அழுக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் அந்த முகடுகள் பெண்ணின் மாதச்சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்கின. புதிய பெண் ஹார்மோன் ஒன்று கையில் சிக்கிவிட்டது என்ற பரபரப்பு எழுந்ததில் வியப்பில்லை.

மூலக்கூறின் அமைப்பைப் பிரித்துப் பார்த்தபோது வேறு கதை வெளிவந்தது. அது ஸ்டீராய்டே இல்லை. மரம், பட்டை, விதை ஆகியவற்றில் மட்டும் இருப்பதாக அதுவரை அறியப்பட்டிருந்த லிக்னான் என்ற வகையைச் சேர்ந்தது. 1980இல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை அறிவித்தன. அந்த இரு பொருள்களின் பெயர்கள் எண்டிரோலாக்டோன், எண்டிரோடையால். வேடிக்கை என்னவென்றால், செடிகளில் இருக்கும் லிக்னான்களிலிருந்து இவை சற்று மாறுபட்டிருந்தன. அப்படியானால் இவற்றைச் செய்தது யார்? மனித உடலா? நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்ததும் சிறுநீரில் இவை ஏறக்குறைய மறைந்துபோயின. குற்றவாளி பிடிபட்டான்: பெருங்குடலில் வாழும் பாக்டீரியா. 1982இல் மாக்னுஸ் ஆக்சல்சன் குழுவினர், இவற்றுக்கு மூலப்பொருள் எந்த உணவில் அதிகம் என்று தேடிப்போய் ஆளிவிதையைக் கண்டுபிடித்தார்கள்.

ஆக, ஆளிவிதையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்று பாக்கெட்டின் பின்பக்கம் சொன்னால் நம்ப வேண்டாம். விதையில் இருப்பது சர்க்கரையோடு பிணைந்த ஒரு லிக்னான். சுருக்கமாக எஸ்டிஜி என்பார்கள். அந்த நிலையில் அது ஹார்மோன் வேலை எதுவும் செய்வதில்லை. குடலில் ஒரு வகை பாக்டீரியா சர்க்கரையைக் கழற்றுகிறது. இன்னொரு வகை மூலக்கூறின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் அணுக்கூட்டங்களைச் செதுக்கி எண்டிரோடையாலாக ஆக்குகிறது. மூன்றாவது வகை அதை எண்டிரோலாக்டோனாக முடித்துக்கொடுக்கிறது. எகர்தெல்லா லென்டா, லாக்டோனிஃபாக்டர் லாங்கோவிஃபார்மிஸ் என்று வாயில் நுழையாத பெயர்களைக் கொண்ட பாக்டீரியாக்கள் இவை. இந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தாலும் வேலை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் ஒரே அளவு ஆளிவிதையை ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் சாப்பிட்டாலும், இரத்தத்தில் சேரும் எண்டிரோலாக்டோன் பல மடங்கு வேறுபடலாம்.

நேரக் கணக்கும் சுவையானது. நெதர்லாந்தில் 2005இல் தூய எஸ்டிஜியைக் கொடுத்து இரத்தத்தை மணிக்கணக்கில் சோதித்தார்கள். எண்டிரோடையால் உச்சத்துக்குப் போக ஏறக்குறைய 15 மணி நேரமும், எண்டிரோலாக்டோன் போக ஏறக்குறைய 20 மணி நேரமும் ஆயின. காலை ஆறு மணிக்குப் பசியாறும்போது ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடியைக் கஞ்சியில் கலந்து குடித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணுக்கு, அதன் முதல் பொருள் இரவு ஒன்பது மணி வாக்கில்தான் உச்சம் காணும். இரண்டாவது பொருள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, அவள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்போது. "குடித்த அரை மணியில் உடம்பு லேசாச்சு" என்று யாராவது சொன்னால் அதற்குக் காரணம் கஞ்சியாக இருக்கலாம், லிக்னான் இல்லை.

பொடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. லிக்னான் இருப்பது விதையின் தோலில். அந்தத் தோல் வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதால் முழு விதை பல்லுக்கும் தப்பி, குடலுக்கும் தப்பி, போன மாதிரியே வெளியே வந்துவிடும். அதே நெதர்லாந்துக் குழு இதையும் அளந்தது. நன்றாக அரைத்த விதையிலிருந்து இரத்தத்துக்குக் கிடைப்பதை 100 என்று வைத்தால், நொறுக்கிய விதையிலிருந்து 43, முழு விதையிலிருந்து வெறும் 28. காசு கொடுத்து வாங்கி முழுசாக விழுங்குகிறவர்கள் முக்கால்வாசியைக் கழிப்பறைக்குக் கொடுக்கிறார்கள். மிக்சியில் இரண்டு சுற்று போதும். அரைத்ததை நாள்கணக்கில் வெளியே வைக்காமல் மூடிக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது, எண்ணெய் சிக்கடித்துவிடும். தோசை மாவிலோ சப்பாத்தி மாவிலோ கலந்து சுட்டாலும் லிக்னான் பெரும்பாலும் அப்படியே தங்கும். மாறாக, குப்பியில் விற்கும் ஆளிவிதை எண்ணெயிலும் எண்ணெய் மாத்திரையிலும் ஒமேகா-3 உண்டு, லிக்னான் அநேகமாக இருக்காது. விதையைப் பிழியும்போது லிக்னான் தோலோடு பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது.

லிக்னானை மாற்றித்தரும் குடல் பாக்டீரியாவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. மலையில் மழையும் குளிரும் ஓயாது. சளி, இருமல் என்று கிளினிக் போய் நுண்ணுயிர்க்கொல்லி கேட்டு வாங்கி வருகிறவர்கள் உண்டு. பின்லாந்தில் இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்து 2002இல் வெளியான ஆய்வில், நுண்ணுயிர்க்கொல்லி சாப்பிட்டவர்களிடம் எண்டிரோலாக்டோன் குறைந்து காணப்பட்டது. அந்தக் குறைவு ஓராண்டு தாண்டியும் நீடித்தது. மருந்து தேவைப்படும்போது சாப்பிட்டே ஆக வேண்டும். வைரஸ் சளிக்கு அதைக் கேட்டு அடம்பிடிப்பதில்தான் நட்டம்.

இனி எண்டிரோலாக்டோன் ஈஸ்ட்ரோஜனோடு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கருப்பை, மார்பகம், எலும்பு, மூளை என்று பல இடங்களில் உள்ள செல்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் ஏற்பிகள் இருக்கின்றன. எண்டிரோலாக்டோனின் வடிவம் ஓரளவு ஈஸ்ட்ரோஜனைப் போல இருப்பதால் அதுவும் அங்கே ஒட்டிக்கொள்ளும். ஆனால் பிடி மிகத் தளர்வு. ஒட்டிய பிறகு அது தூண்டும் வேலையும் மிகச் சொற்பம். தீபாவளிக்கு முதல்நாள் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்தத் துண்டு மாதிரி. பஸ் காலியாக இருந்தால் துண்டு கிடக்கும் இருக்கையில் பேருக்காவது ஓர் ஆள் வரப்போவதாகத் தோன்றும். கூட்டம் நெரிந்தால் அந்த ஒரு துண்டு உண்மையான பயணி ஒருவரின் இடத்தை அடைத்து வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் ததும்பும் இளம்பெண்ணின் உடலில் அது தடுப்பாகவும், மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றிய உடலில் மெல்லிய பதிலியாகவும் நடந்துகொள்ளலாம் என்ற கருத்துக்கு அடிப்படை இதுதான். வாட்சாப்பில் வந்த இரண்டு செய்திகளும் இந்த ஒரே கருத்தின் இரண்டு பாதிகள்.

பலம் குறைந்த பொருள் எப்படிப் போட்டி போடும் என்று கேட்கலாம். எண்ணிக்கையால். மாதவிடாய் நின்ற பெண்ணின் ஒரு லிட்டர் இரத்தத்தில், முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடையால் ஒரு நானோமோலில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. எண்டிரோலாக்டோன் சாதாரண உணவிலேயே பத்து இருபது நானோமோல் இருக்கும். ஆளிவிதையைத் தொடர்ந்து சாப்பிட்டால் நூற்றுக்கணக்கில் ஏறும். இதுபோக வேறு வழிகளும் ஆய்வகத்தில் தென்பட்டன. கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்திக்கு உதவும் அரோமட்டேஸ் என்ற நொதியை இது சற்று மந்தப்படுத்துகிறது. பாலின ஹார்மோன்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் செல்கள் கூடுதலாகச் சுரக்கவும் செய்கிறது. ஆனால் கண்ணாடிக் குழாயில் நடப்பதெல்லாம் பெண்ணின் உடலில் நடக்கும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

பெண்களிடம் நடத்திய சோதனைகள் என்ன சொல்கின்றன? எனக்கு மிகவும் பிடித்தது 1993இல் வெளிவந்தது. ஒழுங்காக மாதவிடாய் வரும் 18 பெண்கள், நாளுக்கு 10 கிராம் ஆளிவிதைப் பொடி, மூன்று சுழற்சிகள். ஆளிவிதை சாப்பிடாத 36 சுழற்சிகளில் 3 சுழற்சிகள் கருமுட்டை வெளிப்படாமலே கழிந்தன. சாப்பிட்ட சுழற்சிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. முட்டை வெளிப்பட்டதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையுள்ள பின்பாதி 11.4 நாளிலிருந்து 12.6 நாளாக நீண்டது. ஈஸ்ட்ரோஜன் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆனால் சுழற்சி சற்றுச் சீரானது. மாதம் தவறுகிற தங்கைக்கு இது ஆறுதலான செய்திதான். ஆனால் இந்தப் பதினெட்டுப் பேரும் ஏற்கெனவே ஒழுங்காக மாதவிடாய் வந்தவர்கள். சினைப்பை நீர்க்கட்டிக்கு ஆளிவிதை மருந்து என்று சுற்றும் செய்தியின் வேரைத் தேடினால், 2007இல் வெளியான ஒரு கட்டுரையில் போய் நிற்கும். அதில் சோதிக்கப்பட்டது ஒரே ஒரு பெண், வயது 31.

மாதவிடாய் நின்றவர்களைப் பற்றிய 2001ஆம் ஆண்டுச் சோதனையில் பங்கெடுத்தவர்கள் 28 கன்னியாஸ்திரிகள். ஆய்வாளருக்கு இதைவிட வசதியான கூட்டம் அமையாது. ஒழுங்கான மடத்து வாழ்க்கை. ஏழு வாரம் தினமும் 10 கிராம் சாப்பிட்டபோது இரத்தத்தில் எஸ்ட்ராடையால் சிறிதளவு குறைந்தது. ஆக, மூத்தவருக்கு வந்த செய்திக்கும் ஒரு சான்று உண்டு. குறைந்த அளவோ லிட்டருக்கு மூன்று பிக்கோமோலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இப்போது ஒரு கணக்கு. ஆளிவிதை புதிதாக வந்தது சரி. அதற்கு முன் இந்த மலையில் வாழ்ந்த பெண்களுக்கு லிக்னான் கிடைக்கவே இல்லையா? நெதர்லாந்தில் மக்களின் அன்றாட உணவை ஆராய்ந்தபோது, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் லிக்னான் சுமார் 1 மில்லிகிராம் என்று தெரிந்தது. அதில் 37 விழுக்காடு எதிலிருந்து வந்தது தெரியுமா? தேநீர், காப்பி போன்ற பானங்களிலிருந்து. தேயிலையில் லிக்னான் உண்டு, கொதிநீரில் இறங்கியும் வரும். அடுத்து 24 விழுக்காடு காய்கறிகளிலிருந்து. முட்டைக்கோஸ் குடும்பத்தில் லிக்னான் இவ்வளவு இருக்கும் என்று அந்த ஆய்வாளர்களே எதிர்பார்க்கவில்லை. ப்ளூ வேலி லயத்துப் பாட்டி காலையிலும் மாலையிலும் தே ஓ குடித்து, மத்தியானம் கோஸ் பொரியலோடு சோறு சாப்பிட்டபோது, அந்த நாட்டவருக்குக் கிடைத்த அதே வழிகளில் அவருக்கும் கிடைத்திருக்கிறது. அவர் பறித்த இலையிலிருந்தே கொஞ்சம்.

அளவில்தான் வித்தியாசம். அந்த நெதர்லாந்து ஆய்வாளர்களின் அட்டவணைப்படி, 100 கிராம் ஆளிவிதையில் 300 மில்லிகிராம் அளவுக்கு லிக்னான். 10 கிராம் பொடியில் 30. அந்த ஒரு கரண்டி, மேற்சொன்ன உணவு முறையில் ஒரு மாதம் முழுக்கக் கிடைப்பதற்குச் சமம். வேறெந்த உணவும் இதன் பக்கத்தில் வராது என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள்.

எள் அந்த நினைப்பைக் கலைத்தது. அதே நெதர்லாந்து அட்டவணையில் 100 கிராம் எள்ளுக்கு 29 மில்லிகிராம்தான், ஆளிவிதையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த அட்டவணை நான்கு வகை லிக்னான்களை மட்டும் எண்ணியது. எள்ளில் மிகுதியாக இருக்கும் செசமின் அதில் சேரவே இல்லை. செசமினும் குடலில் எண்டிரோலாக்டோனாக மாறுகிறது என்று 2005இல் மனிதர்களிடமே காட்டினார்கள். அதே ஆண்டு வேறொரு குழு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு தவணையில் 25 கிராம் அரைக்காத ஆளிவிதையும் இன்னொரு தவணையில் 25 கிராம் அரைக்காத எள்ளும் கொடுத்துப் பார்த்தது. சிறுநீரில் வந்த எண்டிரோடையாலும் எண்டிரோலாக்டோனும் எள்ளிலும் ஆளிவிதைக்குச் சமமாக இருந்தன. மறுஆண்டு தைவானில் 50 கிராம் எள்ளுப்பொடியை ஐந்து வாரம் சாப்பிட்ட பெண்களிடம், ஹார்மோனைப் பிணைக்கும் அந்தப் புரதம் 15 விழுக்காடு கூடியது, கெட்ட கொழுப்பு 10 விழுக்காடு குறைந்தது. இன்னொரு சௌகரியமும் உண்டு. செசமின் எண்ணெயில் கரையும். ஆளி எண்ணெயில் இல்லாத லிக்னான் நல்லெண்ணெயில் இருக்கிறது.

பெரியவளான பெண்ணுக்கு உளுந்தங்களியில் நல்லெண்ணெய் விட்டுக் கொடுப்பதும், எள்ளுருண்டை பிடித்துக் கொடுப்பதும் நம்மவர் வழக்கம். அன்றே நம் பாட்டிகள் எண்டிரோலாக்டோனை அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்க இங்கே இடமில்லை. அவர்கள் அறிந்தது வேறு. ஆனால் பக்கத்தில் எள் இருக்க, இதற்காக மட்டும் விலை கூடிய பாக்கெட்டைத் தேடிப்போக வேண்டியதில்லை என்று சொல்ல இடமிருக்கிறது.

எள் பேச்சு வந்ததால் இன்னொன்று. மாதவிடாய் முதல்நாளிலிருந்து பதினான்கு நாள் ஆளிவிதையும் பூசணி விதையும், அடுத்த பதினான்கு நாள் எள்ளும் சூரியகாந்தி விதையும் சாப்பிட்டால் ஹார்மோன் சீராகும் என்று ஒரு முறை இணையத்தில் சக்கைப்போடு போடுகிறது. முதல் பாதிக்கு ஆளி, பின்பாதிக்கு எள். குடல் பாக்டீரியாவுக்கு நாள்காட்டி தெரியாது. ஆளியைக் கொடுத்தாலும் எள்ளைக் கொடுத்தாலும் கடைசியில் எண்டிரோலாக்டோனாகத்தான் செய்து தரும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென உடம்பெல்லாம் அனல் பரவி வியர்த்துக் கொட்டும். கேமரன் குளிரிலும் போர்வையை உதறி எறிய வைக்கும் வேதனை அது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2007இல், நாளுக்கு 40 கிராம் ஆளிவிதை ஆறு வாரத்தில் இதைப் பாதியாகக் குறைத்தது என்று ஒரு சிறிய சோதனையின் முடிவை வெளியிட்டது. உலகெங்கும் செய்தியானது. அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. பிறகு 188 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆளிவிதைப் பலகாரமும் மீதிப் பேருக்கு அதே போலிருக்கும் விதையில்லாப் பலகாரமும் கொடுத்தார்கள். 2012இல் முடிவு வந்தது. இரு குழுவிலும் மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு அனல் பாதியாகக் குறைந்திருந்தது. விதை சாப்பிட்டவர்களுக்கும், சாப்பிடாதவர்களுக்கும். இது அவ்வளவாகச் செய்தியாகவில்லை.

மார்பகப் புற்றுநோய் பற்றிய தடயங்கள் இதைவிடக் கனமானவை. டொரண்டோவில் லிலியன் தாம்சன் குழு, அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 32 பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 25 கிராம் ஆளிவிதை கலந்த மஃபின் கொடுத்தது. பிறகு அகற்றிய கட்டியைச் சோதித்தபோது, விதை சாப்பிட்டவர்களிடம் செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் குறியீடு 34 விழுக்காடு குறைந்திருந்தது. ஜெர்மனியில் 2011இல் வெளியான ஆய்விலும், நோய் கண்ட பெண்களில் இரத்தத்தில் எண்டிரோலாக்டோன் அதிகம் இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ஆனால் எண்டிரோலாக்டோன் அதிகம் உள்ளவர், காய்கறியும் நார்ச்சத்தும் அதிகம் சாப்பிடுகிறவராகவும் இருப்பார். எது எதைச் செய்தது என்று பிரிப்பது கடினம். மலேசியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் போக வேண்டிய இடம் கிளினிக், மளிகைக் கடை அன்று. ஏற்கெனவே தாமாக்சிஃபென் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படியே.

சாப்பிட விரும்புகிறவர்களுக்கு 10 கிராம், அதாவது ஒரு பெரிய கரண்டிப் பொடி, தொடங்கப் போதும். அரைத்த பச்சை விதையில் சயனைடு வெளியிடும் பொருள்கள் சிறிதளவு உண்டு. இதை வைத்தே ஸ்வீடன் உணவுத்துறை அரைத்த ஆளிவிதையே வேண்டாம் என்கிறது. பல நாடுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. சூட்டில் அவை குறையும் என்பதால் வறுத்தோ மாவில் கலந்து சுட்டோ உண்பது நல்லது. ஒரே வேளையில் அள்ளிக் கொட்ட வேண்டாம். விதை ஊறினால் வழவழவென்று கூழாகும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கல் தீர்வதற்குப் பதில் கூடும். அதே கூழ் மாத்திரைகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் காலையில் மாத்திரை போடுகிற அக்காமார்கள், மாத்திரையைப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஆளிவிதைக் கஞ்சியைக் குடிக்கலாம். உச்சம் எப்படியும் நள்ளிரவுக்கு மேல்தானே, அவசரம் ஒன்றுமில்லை.